கேட்டு வாங்கும் சம்பந்தி

“பெரிசா ஒண்ணு வெட்டுங்கண்ணா. வேண்டாம், ரெண்டாவே வெட்டிடுங்க” என்றார் சம்பந்தியம்மா, தோட்டத்தில் நின்றபடி.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைக் கொடுத்த இடம். வாயைத் திறக்கவும் முடியாது.

எப்போது வந்தாலும் இதே கதைதான். நேரே தோட்டம். பாத்தியில் இருப்பதிலேயே கொழுத்த சீன முட்டைக்கோஸாகப் பார்த்துக் கேட்டு வாங்குவது, ஒரு வாய் சாப்பிடக்கூட உட்காராமல் கிளம்பிவிடுவது.

வெட்டிக் கொடுக்கிற கணவருக்கோ அதில் ஒரே பூரிப்பு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் போனதும் வேலையும் போய், அணைத்த டிவியைப் பார்த்தபடி நாற்காலியிலேயே கிடந்தார். மகள் கொண்டுவந்த நாற்றை வேண்டாவெறுப்பாகத்தான் நட்டார். இப்போதோ விடிந்ததும் நத்தை பொறுக்குகிறார். விரிந்த இலைகளைச் சேர்த்துச் சணல் கட்டுகிறார். உள்ளே குருத்து இறுகிவிட்டதா என்று பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்க்கிறார்.

நமக்கென்று நல்லதாக ஒன்றாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மனைவி கேட்டால், “ஆசையா கேக்கறாங்க” என்பார். அத்தோடு சரி.

இன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. சம்பந்தியம்மாவால் கிளம்ப முடியவில்லை.

ஆசை தீரட்டும் என்று, வெட்டிய இரண்டில் ஒன்றை வீட்டுக்காரி அங்கேயே நறுக்கினாள். பூண்டைத் தட்டிப் போட்டு, தண்டு குழையாமல் வதக்கி, மிளகு தூவி, தட்டில் மலையாகக் குவித்தாள்.

மெக்கானிக் எதிரில் உட்கார்ந்து, தோட்டத்துக் கதையெல்லாம் அளந்தார். நத்தையைத் துரத்திப் பிடித்த கதையை எழுந்து நடித்தே காட்டினார். நத்தையை எதற்குத் துரத்த வேண்டும் என்று மனைவி கேட்க, மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீராகக் குடித்துக் குடித்து, சம்பந்தியம்மா தட்டைக் காலி செய்தார். அமிர்தமாக இருக்கிறது என்றார்.

மழை விட்டதும், சமைத்ததற்குப் பதில் வேறொன்று வெட்டித் தருவதாகச் சொல்லி மெக்கானிக் தோட்டத்துக்கு விரைந்தார்.

வீட்டுக்காரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“இவ்வளவு பிடிக்கும்னா, உங்க வீட்டுலயே நாலு செடி போடலாமே சம்பந்தி? இடம் சும்மாதானே கிடக்கு?”

சம்பந்தியம்மா தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கோஸ் வாசனையே எனக்கு ஆகாது சம்பந்தி. எங்க வீட்டுல யாரும் தொட மாட்டாங்க. எல்லாம் பக்கத்து வீட்டு முயலுக்குத்தான் போகுது. முதல் தடவை சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன். கேட்டதும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார் பாருங்க, அதைப் பார்த்த பிறகு எப்படிக் கேக்காம இருக்கறது?”

வீட்டுக்காரி ஜன்னலை அகலத் திறந்து கணவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இன்னும் ஒரு பாத்தி சேர்த்துப் போடுங்க. சம்பந்திக்குப் பத்தலையாம்.”