பூனைக்குத் திறந்த அறுபது கதவுகள்

“அந்தப் பேர் ஏற்கெனவே இருக்குன்னு கம்ப்யூட்டர் மூணு தடவை எச்சரிச்சுதே, கண்ணு தெரியாதாய்யா உமக்கு?” பூட்டிய கதவுக்குள்ளிருந்து கத்தினார் மல்லிகேஸ்வரி. அவர் மகள் சுடர்மதி கூறைப்புடவையோடு உள்ளே சிக்கியிருந்தாள். ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

“என் நிரலுக்கு என் இஷ்டப்படிதான் பேர் வைப்பேன் மேடம்!” என்றார் வெளியே நின்ற எதிர்வீட்டு மேதை தயாபரன்.

மேதை எழுதியது, தன் பூனையின் முகத்தைப் பார்த்தால் மட்டும் கதவைத் திறக்கும் கணினி நிரல். பெயர் ‘கதவு’. எங்கள் குடியிருப்புக் கதவுகளை இயக்கும் நிரலுக்கும் அதே பெயர்தான். நிரல்களைச் சேர்த்துவைக்கும் பொதுப் பதிவகம் தடுத்தும், சின்னப் பெயருக்கு ஆசைப்பட்டு ‘பரவாயில்லை’யை அழுத்தியிருக்கிறார். விடிந்ததும் அறுபது வீடுகளும் பழைய நிரலுக்குப் பதில் அவருடையதை எடுத்துக்கொண்டு பூனைக்காகக் காத்திருந்தன. அதுவோ, அதன் முகத்தைக் காட்டி அவர் வெளியே வந்தபோதே நழுவி ஓடியிருந்தது.

மொட்டைமாடித் தொட்டிக்கடியில் அவர் அதைப் பிடித்தபோது மணி பத்து. மண்டபத்தில் அந்த மாப்பிள்ளைப் பையன் அதே முகூர்த்தத்தில் மாமன் மகளுக்குத் தாலி கட்டிவிட்டிருந்தான்.

“அடுத்த பதிப்பில் சரிசெய்துடறேன்” என்றார் மேதை. அந்த மாதமே பதவி உயர்வோடு பெங்களூருக்குப் போய்விட்டார், இந்த மேதைகளுக்கெல்லாம் அப்படித்தான்.

சுடர்மதி அடுத்த தையில் தென்காசிக்காரர் ஒருவரை மணந்து அங்கேயே போனாள். அந்த வீட்டுக்கு வெறும் தாழ்ப்பாள்தானாம்.