இரண்டாவது கையெழுத்து

"என் கையெழுத்துக்கு மேல இன்னொருத்தன் கையெழுத்தா? அதுவும் அந்தச் சிரிப்பு வக்கீலோடதா?"

கறார் வக்கீல் போட்ட கத்தலில் அடுப்படியில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

கடையோ, கிடங்கோ, வணிக வளாகமோ, எதை அடமானம் வைத்து எவன் கடன் கேட்டாலும், "வில்லங்கம் இல்லை, கொடுக்கலாம்" என்று இவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வங்கி பணத்தைக் கண்ணில் காட்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான். இப்போது புது விதியாம். பெரிய கடன் என்றால் இரண்டு வக்கீல்கள் பார்க்க வேண்டுமாம். இவர் பார்த்து முடித்த ஆறு மாடி வளாகத்தின் ஃபைல், சிரிப்பு வக்கீலிடம் போயிருக்கிறது.

"போனா போகட்டுமே. ரெண்டு பேரும் ஒரே சீனியர்கிட்ட ஒண்ணா குப்பை கொட்டினவங்கதானே?"

"கொட்டினோம். நான் பத்திரம் படிச்சேன், அவன் பல்லைக் காட்டினான். இன்னிக்கு அவனுக்குப் பெரிய ஆபீஸ், பெரிய கார். போற இடமெல்லாம் 'வாங்க, வாங்க'. என்னைப் பார்த்தா, 'ஐயய்யோ, அவரா!'"

"நீங்களும் கொஞ்சம் சிரிச்சுத்தான் பாருங்களேன்."

"சிரிக்கணும்னு சட்டத்துல எந்தப் பிரிவுல இருக்கு? காட்டு, சிரிக்கிறேன்."

"அவர் கார்ல போனா உங்களுக்கு ஏங்க வயிறு எரியுது?"

"எரியலை!" என்று சொல்லும்போதே எரிந்தது.

இன்று ஒரு ஃபைல். நாளைக்கு மொத்த வங்கியும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டால்? முந்திக்கொள்ள வேண்டியதுதான். சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வங்கிக்குப் போனார்.

மேனேஜர் எழுந்து நின்றார். "வாங்க சார். நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன்."

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ஆளை உங்க வக்கீல் பட்டியல்ல இருந்து எடுங்க. முகதாட்சண்யம் பார்க்கிற ஆள். நாலு நல்ல வார்த்தை பேசினா, கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுவான். அப்புறம் வங்கி தெருவுலதான் நிக்கும்."

மேனேஜர் விழித்தார். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அந்த வளாகத்துக்குக் கடன் வேணாம்னு நிறுத்தினதே அவர்தானே!"

கொடுக்கலாம் என்று எழுதியது கறார் ஆயிற்றே.

"நிறுத்தினானா? பத்திரத்துல ஒரு புள்ளி குறை கிடையாதே!"

"பத்திரத்துல இல்லை சார். கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்துற தளம் இருக்குல்ல? அதுக்குள்ள இறங்குற பாதை பக்கத்து மனையில இருக்கு. அந்த மனை, கட்டட ஓனரோட மச்சான் பேர்ல இருக்கு. அடமானத்துல வராது. நாளைக்கே ஓனர் கையை விரிச்சு, நாம ஏலம் விட்டோம்னு வைங்க. மச்சான் பாதையில சுவர் வெச்சுடுவான். கார் போக வழியில்லாத கட்டடத்தை எவன் வாங்குவான்?"

கறார் அந்தக் கட்டடத்தை நேரில் போய்ப் பார்த்தவர்தான். பஸ்ஸில் போய் இறங்கி, முன்வாசல் வழியாக நுழைந்து, ஆறு மாடியும் ஏறினார். கார் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்ன சார், ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்க? கண்டுபிடிச்சதே நீங்கதானாமே!"

"யார் சொன்னா?"

"அவர்தான். 'ரிப்போர்ட் கொடுத்தப்புறம்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்கு. நேத்து எனக்கு போன் பண்ணி, நீயே சேர்த்து எழுதிடுன்னு சொன்னார். அந்தக் கண்ணு எனக்கு வாய்க்கலை சார்'னு சிரிச்சார். உங்க பேரையும் சேர்த்துத்தான் ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம்."

கறார் தலையை ஆட்டினால் போதும். இத்தனை வருஷப் பேர் கீறல் விழாமல் தப்பித்துவிடும்.

"அவரைப் பத்தி ஏதோ சொன்னீங்களே சார், பட்டியல்ல இருந்து..."

"அதை விடுங்க. அவர் போன் நம்பர் இருந்தா கொடுங்க."

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். "நேத்துதானே சார் அவருக்கு போன் பண்ணினீங்க?"

"இல்லை" என்றார் கறார். "இனிமேதான் பண்ணணும்."