இருபத்துநாலு நாள் கணக்கு

மெதெயின் நகரச் சந்தையில் பழச்சாறு விற்கும் நூபியாவின் மிக்ஸி புகைந்து நின்றுபோனது. புதிது வாங்கக் கையில் காசில்லை. வட்டிக்காரன் பைக்கில் வந்து மூன்று லட்சம் பெசோவை நீட்டினான்.

"தினம் பதினஞ்சாயிரம் கட்டு. இருபத்துநாலே நாள்."

அவள் வாங்கியதுமே எதிர்க்கடை எவுலாலியா கத்தினாள். இருவருக்கும் ஆகவே ஆகாது.

"அடி கூறுகெட்டவளே, பெருக்கிப் பாத்தியா? மூணு லட்சத்து அறுபதாயிரம்! ஒரு மாசத்துக்குள்ள அறுபதாயிரம் தண்டம்!"

"உனக்கென்ன கிழவி வயித்தெரிச்சல்?"

"என் பழைய மிக்ஸி சும்மாதான் கிடக்கு, தூக்கிட்டுப் போ. உன் அழுமூஞ்சியப் பாத்தா என் சோளரொட்டி விக்காது."

நூபியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வட்டிக்காரன் எவுலாலியாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"இன்னும் எத்தனை பேரை இப்படிக் கலைச்சு விடுவே?"

"உன்னை நான் பெத்த பாவம் தீர்ற வரைக்கும்டா!"