நைட்டிக்கு எதிராக ஒரு மனு

"பாருங்க, இன்னைக்கும் நைட்டி!"

வசுமதி சொன்னதும், பள்ளி வாசலில் நின்றிருந்த அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மந்தைவெளி ரயில் நிலையப் பக்கமிருந்து அன்புச்செல்வி வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் பூப்போட்ட நைட்டி. தோளில் ஒரு துண்டு. இடுப்பில், எல்.கே.ஜி. சேர்ந்து மூன்றே வாரமான மகள் நிலா.

"இன்னாக்கா அப்டிப் பாக்குற? நல்லாகீதா? பாண்டி பஜார்ல எடுத்தது. பாக்கெட்டுகூட கீது."

"ஏம்மா, ஸ்கூலுக்கு வரும்போதாவது டீசன்டா டிரெஸ் பண்ணிக்கிட்டு வரக் கூடாதா?"

"கய்த்துலேர்ந்து காலு வரிக்கும் மூடினுதானே கீது? உன் ஜாக்கெட்டு முதுவுல ஜன்னல் வச்சிகினு கீது. நான் எதுனா கேட்டனா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே இருமிச் சமாளித்தார்கள்.

அன்புச்செல்வி கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நிலாவுக்கு வகுப்பு வாசல்வரை அம்மா வர வேண்டும். வராவிட்டால் அழுதே வாந்தி எடுத்துவிடுவாள்.

வசுமதிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதை இப்படியே விடக் கூடாது. நைட்டி போட்டவங்களை கேட்டுக்கு உள்ளே விடாதீங்கன்னு பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுப்போம். குழந்தையை வாட்ச்மேன் கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"அந்தக் குழந்தை வாட்ச்மேனைப் பார்த்தாலே அலறுதே..." என்றாள் நீரஜா, மெதுவாக.

"பழகிடும். நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. நல்ல இங்கிலீஷ்ல நீங்களே எழுதுங்க."

முடியாது என்று சொல்ல நீரஜாவுக்கு வாய் வரவில்லை. எட்டு மாதக் கைக்குழந்தை ராத்திரி நாலு தடவை எழுப்பினாலும், ஐந்தரைக்கு எழுந்து குர்தாவை அயர்ன் பண்ணி, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு வருகிறவள் அவள். ஒரு பெண்ணின் உடைதான் அவள் வீட்டைச் சொல்லும் என்று கான்வென்ட் சிஸ்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இன்றைக்கு மறுத்தால் நாளைக்கு இந்த வாய்களில் தானே அரைபடுவோம் என்ற பயமும் இருந்தது.

ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"பேரைப் போட்டே எழுதுங்க. அன்புச்செல்வி, நிலாவோட அம்மா. அப்புறம், ரூபீனாவைப் பார்த்துக் கத்துக்கணும்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. தினமும் புர்கா போட்டுக்கிட்டு எவ்வளவு நீட்டா வர்றாங்க!"

ஆறு பேர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

மகன் ஹம்மாத்தை உள்ளே விட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்த ரூபீனாவின் கைக்குத் தாள் போனது. அவள் நின்று நிதானமாகப் படித்தாள்.

"இதுல என் பேரை எதுக்குங்க இழுத்தீங்க?"

"உங்களைப் பெருமையாத்தான் எழுதியிருக்கோம்."

"யா அல்லா!" ரூபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பெருமை வேணாங்க. ஹம்மாத்தை எழுப்பிக் கெளப்புறதுக்குள்ளயே எனக்கு உயிர் போகுது. புர்காவுக்கு உள்ளே நானும் நைட்டிதான். ஸ்கூல் தொறந்ததுலேருந்து ஒரு நாள்கூட மாத்திக்கிட்டு வந்ததில்லை."

கையெழுத்துப் போட்டவர்கள் அவள் புர்காவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஆனா... அது வெளியே தெரியலையே" என்றாள் வசுமதி.

"தெரியலைன்னா நான் உள்ளே போகலாம். தெரிஞ்சா அன்புச்செல்வி போகக் கூடாதா? அவ பேரு இருக்குற இடத்துல என் பேரையும் எழுதுங்க. ஹம்மாத்தையும் வாட்ச்மேனே கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"விளையாடாதீங்க ரூபீனா. நீரஜா, அதையெல்லாம் எழுதிடாதீங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. சீக்கிரம், பெல் அடிக்கப் போறாங்க."

நீரஜா தாளை வாங்கினாள். கேட் வழியாக உள்ளே பார்த்தாள்.

வகுப்பு வாசலில் அன்புச்செல்வி குந்தி உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிலா அழவில்லை. நைட்டியை மட்டும் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நீரஜா தாளைத் திரும்ப ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தாள். அன்புச்செல்வியின் பெயருக்குக் கீழே ரூபீனாவின் பெயரை எழுதினாள்.

அதற்கும் கீழே இன்னொரு பெயர் எழுதினாள்.

வசுமதி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அங்கே எதுக்கு உங்க பேரு? நீங்க என்னைக்கு நைட்டில வந்தீங்க?"

நீரஜா பேனாவை மூடி, தாளை வசுமதியிடம் நீட்டினாள்.

"நாளைக்கு."