கட்டிலோரத்து ஜன்னல்

கற்பகத்தைப் பார்த்ததும் அரிசிக் கிடங்கு முதலாளி யூசுப் வழக்கம்போல நொய்ப்பையை எடுத்து நீட்டினார்.

"நொய்க்கு வரலை, யூசுப் இக்கா. இருபது வருஷம் உங்க கிடங்குத் தூசியைத் தின்னு என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பூரா தழும்பாம். நாலு எட்டு நடக்க முடியலை."

"மாஸ்க் கொடுத்தேனே, கற்பகம்."

"வருஷத்துக்கு ஒண்ணு. சொல்ல வெட்கமா இல்லை? எதனால வந்துச்சுன்னு டாக்டர் அவர்கிட்ட சொல்லியிருக்கார். உப்புத் தின்ன விசுவாசம், மனுஷன் வாயே திறக்கலை." டாக்டர் சீட்டை மேஜையில் வீசினாள். "மலையாளத்துல எழுதியிருக்கு. எல்லாரும் கேக்கட்டும், சத்தமா வாசிங்க."

சுமைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யூசுப் மனதுக்குள் படித்துவிட்டுச் சீட்டை மடித்தார்.

"நீ வீட்டுக்குப் போ."

"ஏன், வாயடைச்சுப் போச்சா? வாசிங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புறா எச்சத்தால வந்ததாம். ஜன்னல்ல தீனி போடுறதை இன்னைக்கே நிறுத்தணுமாம்."

வெறும் இருமலாக இருந்த நாளிலிருந்தே, புறாக்களுக்குத் தீனி போடும் பக்கத்துத் தெரு குஜராத்திகளைப் பார்த்து, புருஷன் நல்லசிவத்துக்குப் புண்ணியம் சேரட்டுமென்று அவன் கட்டிலோரத்து ஜன்னலில் அவள்தான் தினமும் நொய் இறைத்து வந்தாள்.

யூசுப் பையை மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினார்.

நல்லசிவம் வாய் திறக்காமல் காப்பாற்றியது முதலாளியை அல்ல.