சென்னியப்பனின் வண்டு

கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஓர் இயந்திர வண்டு கொடுத்திருந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். ராத்திரி மூச்சோடு உள்ளே இழுத்தால், அது நுரையீரல் குழாய்களுக்குள் ஊர்ந்து, ஒலி அனுப்பிப் படம் பிடிக்கும். காலையில் இருமித் துப்பி, கேட்டில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். புள்ளி தென்பட்டால் சிவப்பு. அத்தோடு வேலை போய்விடும்.

தன் நெஞ்சின் நிலைமை சென்னியப்பனுக்குத் தெரியும். அதனால் இரண்டு வருடமாக அவன் வண்டை மனைவி பாவாயிதான் ராத்திரி மூச்சில் இழுத்து, காலையில் துப்பிக் கொடுத்து வந்தாள். அவள் குவாரிப் பக்கமே போகாதவள். தினமும் கல்தூசி அப்பிய அவன் சட்டையை வாசலில் உதறித் துவைத்துப் போடுவதோடு சரி.

அன்று சிவப்பு எரிந்தது.

சூப்பர்வைசர் படத்தைக் காட்டினார். "இடது பக்கம், கடுகாட்டம் இருக்குதுங்ணா. ஆரம்பத்துலயே புடிச்சாச்சு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கம்பெனி செலவுலயே எடுத்துருவாங்க."

"வூட்டுக்காரிக்கு வந்தா பார்ப்பாங்களா?"

"அதெப்படிங்ணா? வண்டு யாரு பேர்ல இருக்குதோ, அவங்களுக்கு மட்டுந்தான்."

வீட்டில் பாவாயி எதிரே வந்தாள். "ஏனுங்க, இன்னைக்கு நேரத்துலயே வந்துட்டீங்க?" என்று கேட்டபடி, வழக்கம்போல் சட்டைக்காகக் கையை நீட்டினாள்.

அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.