பால்கோவா படையல்

யாழினி பால்கோவாவை ருசி பார்த்ததே இல்லை. பிறவியிலேயே சர்க்கரை நோய். அவள் இறந்த அன்றே, கையில் ஒட்டியிருந்த சர்க்கரை அளக்கும் சென்சாரை டாக்டர்கள் குழந்தைகள் நோய் ஆராய்ச்சிக்காகக் கழற்றிக்கொண்டார்கள். அதன் அளவைக் காட்டும் ஆப்பை அம்மா பாண்டிசெல்வி போனிலிருந்து அழிக்கவில்லை.

வருஷப் படையலுக்கு அப்பா வினோத் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவந்து, ராஜபாளையம் வீட்டில் மகளின் படத்துக்கு முன் வைத்தார்.

சற்று நேரத்தில் போன் அலறியது. சர்க்கரை இருநூறு. பிறகு முந்நூறு.

“ஏட்டி, தட்டை எடு! பிள்ளைக்கு ஏறுது!”

“எடுத்துட்டேங்க. இன்னும் ஏறுதே!”

நானூறைத் தாண்டியது. பாண்டிசெல்வி பிரிட்ஜிலிருந்த பழைய இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

படத்தில் யாழினியின் முகம் மட்டும்தான் இருந்தது; ஊசி போடக் கை இல்லை.